அண்ணியின் ரசமும் என் காளான் சர்க்கரையும்

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்த வாரத்தில் அண்ணன் எங்கள் ஊர் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்தார். பன்னிரண்டு அடி உயரம். அதில் நான் பட்டமளிப்பு அங்கியோடு நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு தாமரை, தலைக்கு மேல் ஒளிவட்டம், காலடியில் ஒரு கூடைக் காளான். "மார்பகப் புற்றுநோய்க்குக் காளானில் மருந்து கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே வருக வருக" என்று மஞ்சள் எழுத்து. கீழே வரிசையாகப் பதினேழு பேருடைய முகங்கள். அதில் ஆறு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது.

நான் எந்த மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பேனர் கட்டின கையோடு அண்ணன் கூட்டிப்போய்க் காட்டியபோது, "என்னண்ணே, மருந்துன்னெல்லாம் போட்டுட்டீங்க?" என்று கேட்டேன்தான்.

"பின்ன பாலிசாக்கரைடுன்னா போடுறது? எவன் நின்னு படிப்பான்?" என்றார்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அந்த வாரம் முழுக்க, வேலை இல்லாத நேரத்திலும் கேட் வழியாகப் போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் டிராக்டர், பைக், மினி பஸ் என்று நின்றவர்கள் எல்லாரும் வேறு வழியில்லாமல் என் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

பேனரைப் பார்த்துச் சிரித்தவர் ஒரே ஒருவர். அண்ணியோடு இருபது வருஷமாக ஒரே வயலில் நடவு நடுகிற தோழி. ஊரில் அவருக்கு வாய்க்கார அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்; நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. அவர் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நெசத்தவிட ரெண்டு கலரு கூட இருக்க பாப்பா. மருந்தையும் இப்படித்தான் ஏத்திப் போட்டிருக்கானா உங்கண்ணன்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

நான் உண்மையில் செய்தது இவ்வளவுதான். எங்கள் அண்ணி வீட்டுக் கொல்லையில் காளான் குடில் வைத்திருக்கிறார். வைக்கோலை ஊறவைத்து, அவித்து, ஈரம் ஆறவிட்டு, நீளப் பைகளில் அடுக்கடுக்காகத் திணித்து, நடுநடுவே காளான் வித்தைத் தூவித் தொங்கவிட்டால் மூன்று வாரத்தில் பையின் ஓட்டைகள் வழியாகச் சிப்பிக்காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். அந்தக் காளானை நான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க் காயவைத்து, பொடித்து, வெந்நீரில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சுண்டவைத்து, அதில் குளிர்ந்த எத்தனால் ஊற்றுவேன். பால் திரிகிற மாதிரி வெள்ளை வெளேரென்று நூல்நூலாக ஏதோ எழும்பும். அதுதான் பாலிசாக்கரைடு. சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கிற நீளச் சங்கிலி. இனிக்காது. கொழகொழவென்று இருக்கும். முதல் முறை செல்போனில் வீடியோ அனுப்பியபோது அண்ணி, "இதுக்கா அஞ்சு வருஷம்? சோறு வடிச்ச கஞ்சி மாதிரி இருக்கு" என்றார்.

அந்தக் கஞ்சியைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த மார்பகப் புற்று செல்கள்மேல் ஊற்றினேன். கணிசமான செல்கள் செத்தன. எலியின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பு செல்கள்மேல் ஊற்றினேன். அவை சுறுசுறுப்பாயின, காவலுக்கு வந்து தூங்குகிறவனை யாரோ தட்டி எழுப்பியது மாதிரி. இந்த இரண்டையும் இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், "இது எதிர்காலத்தில் துணை மருந்தாக உதவக்கூடுமா என்று மேலும் ஆராய வேண்டும்" என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் அண்ணன் பன்னிரண்டு அடிக்கு இழுத்துவிட்டார். நான் அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டேன்.

பேனரால் அண்ணியின் காளானுக்கு மவுசு கூடியது. முன்பெல்லாம் காளான் என்றாலே முகத்தைச் சுளித்த வீடுகளிலிருந்து பாக்கெட் கேட்டு ஆள் வந்தது. மழைக்காலத்தில் பேனரை இறக்கிக் காளான் குடிலின் கூரைமேல் போர்த்தினார்கள். நான் தலைகீழாகப் படுத்துக்கொண்டு வைக்கோல் பைகளுக்கு நிழல் கொடுத்தேன். படத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அண்ணிக்கே இடது மார்பில் கட்டி வந்தது.

அண்ணி நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். பன்னிரண்டாவது முடிக்கிறவரை என் தலையைப் பின்னிவிட்டவர். இழுத்து இழுத்துப் பின்னுவார். கண் இரண்டும் மேலே போய்விடும். அவர் அந்தக் கட்டியை நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மருந்துதான் நம்ம வீட்டுலயே இருக்கே, என்ன அவசரம்னு இருந்துட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீதம் ஆறு தடவை கீமோ. பிறகு ஆபரேஷன். நடுவில் இடைவெளி விடக் கூடாது. உடம்பில் எதிர்ப்பு குறைந்திருக்கும் என்பதால் காளான் குடிலுக்குள் போகக் கூடாது, அங்கே காற்றெல்லாம் பூஞ்சை வித்து. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் முனைவர் பட்டத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்லவும் செய்தார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியின் கீழே போய்விட்டேன்.

முதல் கீமோவுக்கு முன்னாலேயே சுவாமிமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். எப்படியும் கொட்டப்போகிற முடிதானே, வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது கணக்கு. ஊரில் கட்டி இருப்பது தெரியும். கீமோ தெரியாது. "எங்க நாத்தனார் மருந்துதான் குடிக்கிறேன்" என்று சொல்லி வைத்திருந்தார். முதல் இரண்டு கீமோவுக்கும் நானும் கூடப் போனேன். மருந்து ஏறிய பிறகு ஐந்தாறு நாள் கடுகு தாளிக்கிற வாசனைகூட ஆகாது. சாதத்தில் மோரை ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். ஆனால் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். அண்ணி காளான் தண்ணீரையும் கூடவே குடித்துக்கொண்டிருந்ததால் பெயர் காளானுக்குப் போனது.

மூன்றாவது கீமோ சமயத்தில் நான் பாடம் நடத்துகிற தஞ்சாவூர்க் கல்லூரியில் தேர்வு வேலை. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிற அண்ணன், மெஷினோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். "நானே போய்ட்டு வந்துட்டேன் பாப்பா, ஒண்ணும் சிரமமில்ல" என்று போனில் சொன்னார் அண்ணி. மூன்று நாள் கழித்து ஊருக்குப் போனேன். தெருமுனையிலேயே கருவாட்டுக் குழம்பு வாசனை. வேதாரண்யத்துக் கருவாடு, மாங்காய் போட்டது. அடுப்படியில் அண்ணி குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை கட்டுரைகள் படித்திருக்கிறேன், ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக ஒரு முடிவைச் சொன்னதில்லை.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகல" என்றேன்.

"போனேனே."

"போனவங்க மூணாம் நாள் கருவாடு திங்க மாட்டாங்க."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். மறைப்பதில் அவருக்கு ஆர்வம் உண்டே தவிரத் திறமை கிடையாது. என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு மண் அடுப்பு, அதன்மேல் அலுமினியக் குண்டான், பக்கத்தில் அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிய வடிகட்டி. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அப்படியே கொல்லையில் நடந்துகொண்டிருந்தது. மிளகும் சீரகமும் மட்டும் அவருடைய சேர்க்கை. அடுப்புக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர் பாட்டில் பிராந்தி.

"இது எதுக்கு?"

"நீதான் கடைசில சாராயம் ஊத்துவியே. உங்கண்ணன் ஊருக்குப் போறதுக்கு முன்னால வாங்கிக் குடுத்தாரு. ஊத்திப் பாத்தேன், உன்னுது மாதிரி நூலு வரல."

"பிராந்தியில எத்தனால் போதாது அண்ணி, இன்னும் சுத்தமா வேணும்" என்று என்னை மீறி வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணி பிராந்தி கேட்டு, அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாட்டில் பாதிக்கு மேல் காலி. ஆராய்ச்சிக்கு எவ்வளவு போனது, ஆந்திராவுக்கு எவ்வளவு போனது என்பது தெரியவில்லை.

பிறகு கத்தினேன். கட்டி சுருங்கியது கீமோவால் என்றேன். ரெண்டும்தானே சாப்பிட்டேன், எதுன்னு நீ எப்படிச் சொல்லுவ என்றார். நல்ல கேள்வி. என் வாய்மொழித் தேர்வில்கூட யாரும் அப்படி மடக்கவில்லை. ஜப்பானில் சில காளான்களிலிருந்து எடுத்த சர்க்கரையைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுப்பதுண்டு, ஆனால் கீமோவோடு சேர்த்துத்தான், கீமோவுக்குப் பதிலாக இல்லை என்று சொன்னேன். "அவன் காளான் வேற, நம்ம காளான் வேற" என்றார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் கேட்டேன்: "இன்னிக்கிச் சோத்துக்குப் புளி ரசம் வச்சீங்களா?"

"வச்சேன். ஊத்தட்டுமா?"

"டப்பாவுல குடுங்க."

நான் செய்யப்போவது ஆய்வுக்கூட ஒழுக்கத்துக்கு ஒத்துவராது. என் வழிகாட்டிக்குத் தெரிந்தால் தோலை உரித்திருப்பார். அன்று மதியமே தஞ்சாவூரில் என் பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போய், அண்ணியின் ரசத்தைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகூடப் போகாத வடிகட்டியில் வடிகட்டினேன். மிளகுத் தூள் அடைத்துக்கொண்டு மூன்று வடிகட்டிகள் வீணாயின. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் மார்பகப் புற்று செல்களை விட்டிருந்தேன். முதல் வரிசைக்கு ஒன்றும் ஊற்றவில்லை. இரண்டாவது வரிசைக்கு என் காளான் சர்க்கரை. மூன்றாவதுக்கு ரசம். நான்காவதுக்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணியைக் கூட்டிவந்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. தட்டில் மஞ்சள் சாயத்தை ஊற்றினேன். "உசுரோட இருக்கற செல்லு இந்த மஞ்சள ஊதாவா மாத்திடும். செத்தது மாத்தாது. மஞ்சளாவே நின்னா எல்லாம் காலின்னு அர்த்தம்" என்றேன். சில மணி நேரம் ஆகும். அதுவரை கேண்டீனில் அண்ணிக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் சாப்பிட்டார். கீமோ தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் அவருக்குப் பசி கூடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்தோம். முதல் வரிசை கத்தரிப்பூ மாதிரி ஊதா. என் காளான் வரிசை ஊதாதான், கொஞ்சம் வெளுத்திருந்தது. ஐந்து வருஷத்து உழைப்பு அந்த வெளுப்பு. ரச வரிசை பளிச்சென்று மஞ்சள். சோப்பு வரிசையும் மஞ்சள்.

"இது என்ன வரிசை?" என்று மஞ்சளைக் காட்டினார்.

"உங்க ரசம்."

"என் ரசமா?" அண்ணியின் குரலில் எழுந்த பெருமையை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். "உன்னோடதவிட என்னுது நல்லா கொன்னுருக்கே! அப்ப ரசமே குடிச்சாப் போதுமே?"

"அடுத்த வரிசை சோப்புத் தண்ணி அண்ணி. அதையும் குடிக்கிறீங்களா?"

நான் மெதுவாகச் சொன்னேன். குழியில் நாலு செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை. புளி கொல்லும், சோப்பு கொல்லும், காபி ஊற்றினாலும் கொல்லும். உடம்புக்குள் போய், நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்ல வேண்டும். அதைச் செய்கிற மருந்து ஆகிறதற்கு என் காளான் இன்னும் எத்தனையோ தூரம் போக வேண்டும். போகாமலேயேகூடப் போகலாம். என் ஐந்து வருஷத்தை நானே ரசத்துக்குக் கீழே வைத்தேன்.

"புரியுது பாப்பா" என்றார் அண்ணி. "நான் மக்கு இல்ல. ஆனா ஊசிக்கு வரமாட்டேன்."

"ஏன்?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பழைய பஸ் ஸ்டாண்ட் போகிற ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார். இரண்டாவது தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது எங்கள் மேலத்தெரு ஆள் யாரோ ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டார்களாம். மறுநாளே குழாயடியில் கேள்வி. உங்க நாத்தனார் மருந்து இருக்கறப்ப உங்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?

"நான் ஊசி போட்டுக்கிறேன்னு ஊருக்குத் தெரிஞ்சா உன்ன என்னன்னு பேசுவாங்க? அவ்வளவு பெரிய பேனரு வச்சு, சொந்த அண்ணியே அந்த மருந்த நம்பலன்னு பேசுவாங்கள்ல? நீ தெருவுல எப்படி நடப்ப? நம்ம வீட்டுல படிச்சது நீ ஒருத்திதான்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். என் மானத்தைக் காப்பாற்ற இந்த மனுஷி உயிரை விடத் தயாராக இருக்கிறார். அந்த மானமோ, ரயில் தாமதமாக வரட்டும் என்று கேட் ஓரம் நின்றுகொண்டிருந்த மானம். என்னை நானே ஓங்கி ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் கல்லூரிக்கு லீவு சொன்னேன். மேட்டூரில் தண்ணீர் திறக்கப்போகிற சமயம். நூறு நாள் வேலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே ஒரு சேதி போக வேண்டுமென்றால் அங்கே சொன்னால் போதும். பதினோரு மணிக்குப் புங்கமரத்தடியில் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு டீக்கு உட்கார்ந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

"நான் மருந்து எதுவும் கண்டுபிடிக்கலைங்க" என்றேன். "பேனர்ல போட்டிருந்தது பொய். நான் அப்பவே சொல்லியிருக்கணும். அண்ணிக்கு ஆஸ்பத்திரி ஊசிதான் மருந்து. அவங்கள யாரும் கேலி பேசாதீங்க."

முப்பது பேரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவருக்கு டீ புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டினார்.

வாய்க்கார அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மருந்து கண்டுபிடிச்சவ ரெண்டு பஸ் மாறியா ஊருக்கு வருவா? கப்பலாட்டம் காருல்ல வந்திருக்கும் வீட்டு வாசலுக்கு!"

"அப்ப அண்ணி ஊசி போட்டுக்கறது?"

"சுவாமிமலையில மொட்ட போட்டாங்க, சரி. முருகன் புருவத்தையுமா கேட்டாரு?"

மறுபடியும் சிரிப்பு. அண்ணியின் புருவம் இரண்டாவது கீமோவிலேயே உதிர்ந்திருந்தது. மையால் கோடு போட்டிருந்தார். நான் உட்பட வீட்டில் யாரும் அதை யோசிக்கவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டா குழாயடியில அப்படிக் கேட்டீங்க?" என்றேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"உங்கண்ணி மறைக்குது. மறைக்கிறவகிட்ட, எங்களுக்குத் தெரியும்னு மூஞ்சில அடிக்கலாமா? நம்புற மாதிரி நாலு கேள்வி கேக்கறதுதான மரியாத?"

ஆக, ஊர் அண்ணியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அண்ணி என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் கீமோ தேதி போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குத் தெரியும் என்று சொன்னாலும் அண்ணி வருவாரா, மானம் என்பது சாக்குதானா, ஊசிக்கே பயந்துவிட்டாரா என்று அக்காவிடம் புலம்பினேன். எல்லாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிய பிறகு அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து குந்தினார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"பாப்பா, யார்கிட்டயும் சொல்லாத. எனக்கும் இங்க ஒரு கட்டி இருக்கு." கையை மார்பில் வைத்துக் காட்டினார். "ஆறு மாசமா. உங்கண்ணிகிட்டதான் காளான் வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கேன்."

அவர் கையைப் பிடித்தேன். "அது பொய்னு தெரியும்னு இப்பத்தான சொன்னீங்க?"

"தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசதான்."

நான் ஓடினேன். நிஜமாகவே வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணி குடில் வாசலில், போகக் கூடாத இடத்துக்குச் சரியாக ஒரு அடி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கிற பைகளை மிரட்டுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு முகம் மாறியது. தனக்குக் கட்டி என்று தெரிந்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"வாரம் ரெண்டு பாக்கெட் வாங்கினாளே," என்றார். "நான் ஒரு கைப்பிடி கூடப் போட்டுக் குடுத்தேனே பாப்பா."

வாய்க்கால் வேலை விடுகிற நேரத்துக்கு எழுந்து அக்கா வீட்டுக்கு நடந்தார். அக்கா வேலை முடிந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணி வாசலில் நின்று, தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"இது முருகனுக்குக் குடுத்தது இல்லடி. ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். நடுவுல விட்டுட்டேன். காலைல பாசஞ்சர்ல தஞ்சாவூர் போறோம். ஆதார் கார்டை எடுத்து வச்சுக்க."

அக்கா ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ மொதல்ல போட்டுக்க. உனக்கு ஊசி ஏறுறத என் கண்ணால பாத்தாத்தான் நான் டாக்டர்கிட்ட காட்டுவேன்" என்றார்.

"சரிடி, போட்டுக்கறேன்" என்றார் அண்ணி, ஒரு நொடிகூட யோசிக்காமல். மூன்று நாளாக நானும் ஆய்வுக்கூடமும் ரசமும் சேர்ந்து வாங்க முடியாத வார்த்தை.

காலை பாசஞ்சரில் மூன்று பேரும் போனோம். டாக்டர் அண்ணியைத் திட்டினார். நான் திட்டை எனக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். ரத்தம் பார்த்தார்கள். நல்ல வேளையாக அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. மதியத்துக்குள் அண்ணியைக் கட்டிலில் படுக்கவைத்து வலது கையில் ஊசியைச் செருகி, சிவப்பு மருந்தை மெல்ல ஏற்ற ஆரம்பித்தார்கள். அண்ணி அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாத்துக்கிட்டல்ல? இவ்வளவுதான். எறும்பு கடிச்ச மாதிரி" என்று, தனக்கு வாந்தி வருகிற நேரத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்து பாதி இறங்கியதும் நான் எழுந்தேன். "வாங்க அக்கா, உங்களுக்குச் சீட்டு போட்டுடலாம்."

அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"எனக்கு எதுக்குச் சீட்டு?"

"கட்டியக் காட்டணுமே."

"எந்தக் கட்டி?" என்றார், ஒரு வாய் போட்டுக்கொண்டே. "எனக்கு ஒண்ணுமில்ல பாப்பா. வருஷா வருஷம் நர்சம்மா ஊருக்கு வரப்ப மொதல் ஆளா நான்தான் காட்டுறேன்."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. அண்ணிக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. எழுந்து அக்காவின் கொண்டையைப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை, கையில் ஊசி. அதனால் வாயால் பிடித்தார். அந்த வார்டில் அதுவரை யாரும் கேட்டிராத தஞ்சாவூர் ஜில்லா வசவுகளெல்லாம் வந்தன. "கையை ஆட்டாதீங்கம்மா" என்று நர்ஸ் ஓடிவந்தார். எதிர்க் கட்டிலில் இருந்த பெண் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். திட்டிக்கொண்டே இருந்த அண்ணி திடீரென்று அழுதார். "இவளுக்கு ஒண்ணுமில்லையாம் பாப்பா" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அக்கா எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு முடித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு எனக்குக் கோபம் திரும்பி வந்தது. "இதுலயா விளையாடுவீங்க? நேத்து எனக்கு உசுரே போயிடுச்சு. நம்பின ஒருத்தரை நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன்" என்றேன்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு இல்ல, சரி. காளான் வாங்கித் தின்ன வேற எவளுக்கும் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஒரு முறைகூட யாரையும் கேட்டதில்லை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காளான் வாங்கும் பெண்களை ஒவ்வொருத்தராகச் சொல்லி இடது கை விரல்களை மடக்க ஆரம்பித்தார். மேலத்தெருவில் மூன்று பேர். குளத்தங்கரையில் இரண்டு பேர். கை முடிந்துவிட்டது. வலது கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி என் கையை இழுத்து, என் விரல்களை மடக்கி மேலே எண்ணினார்.